மிட்சுபிஷி மோட்டார் வண்டியும் மறைக்கப்பட்ட முறைப்பாடுகளும்

மூன்று சாய்சதுரங்கள் ஒரு புள்ளியில் முனைகூடி நிற்கும் சிவந்த சின்னமொன்று இலங்கை வீதிகளிலே நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்றாகும். 'டெலிக்கா' வான்களின் முகப்பிலும், அமைச்சர்மாரின் பவனியோடு சேர்த்தே இலங்கையர் நினைக்கும் 'பஜேரோ'வின் முகப்பிலும், 'பொக்ஸ் லான்சர்' என்று செல்லமாக அழைக்கப்படும் நாற்கோண வடிவான சிறு காரின் முகப்பிலும் அதனைக் காணலாம். அச்சின்னந் தாங்கிய வண்டிகளை விரும்பி வாங்கிப் பல்லாண்டு ஓட்டி மனநிறைவு கொண்டோர் பலர். ஆயினும், அவ்வண்டிகள் பிறந்த நாட்டிலே, அவற்றை வாங்கியவர்கள் தம் குறைகளை எடுத்துரைத்தபோது அம்முறைப்பாடுகளுக்கு யாது நேர்ந்தது என்பது வேறொரு கதை. யப்பானியக் கைத்தொழில் வரலாற்றிலே வேதனை மிகுந்த அத்தியாயங்களுள் அதுவும் ஒன்று.

'மிட்சு' என்னும் யப்பானியச் சொல்லுக்கு மூன்று என்பது பொருள். 'ஹிஷி' என்பது குளங்களிலே விளையும் ஒருவகை நீர்க்கொட்டை. அதன் வடிவினைக் கொண்டு சாய்சதுரத்தையும் யப்பானியர் அப்பெயராலேயே வழங்கலாயினர். இவ்விரு சொற்களும் கூடிப் பிறந்ததே மிட்சுபிஷி. தோசா என்னும் பகுதியிலே வறுமையுற்ற குடும்பமொன்றிற் பிறந்த இவாசாக்கி யத்தாரோ என்பவர் 1870ஆம் ஆண்டிலே தொடங்கிய கப்பல் வாணிகமே இதன் வித்து. தம்மை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் மூவிலைச் சின்னத்தையும் தம் குலத்துச் சாய்சதுரச் சின்னத்தையும் இணைத்து அவர் தமது நிறுவனத்துக்குரிய முத்திரையை ஆக்கிக்கொண்டார். கப்பலிலே தொடங்கிய வாணிகம் சுரங்கத்துக்கும், கப்பல் கட்டுந் துறைக்கும், வங்கிக்கும் பரந்தது. யப்பானின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றாக இவாசாக்கி குடும்பம் உயர்ந்தது.

அக்குடும்பத்தின் நான்காந் தலைவர் இவாசாக்கி கொயாத்தா. அவருடைய போதனையைத் தழுவி 1930களிலே மூன்று நெறிகள் வகுக்கப்பட்டன. மிட்சுபிஷி என்னும் பெயர்தாங்கிய நிறுவனங்கள் யாவும் அவற்றைத் தம் வேதம் எனப் போற்றி வந்தன. அவற்றுள் இரண்டாவது நெறியைத் தமிழிற் சொல்லப்புகின், எக்கருமத்தையும் ஒளியிலே செய்க என்பதாக அமையும். நேயர்கள் இந்த ஒளி என்னுஞ் சொல்லைச் சற்றே நினைவில் இருத்திக்கொள்வாராக. பின்னர் அது தேவைப்படும்.

மோட்டார் வண்டித் தொழிலிலே மிட்சுபிஷி காலடி வைத்தது 1917ஆம் ஆண்டிலாகும். கோபே நகரத்துக் கப்பற்றுறையிலே, இத்தாலிய 'பியற்' காரொன்றை முன்மாதிரியாகக் கொண்டு, 'ஏ' மாதிரி என்னும் காரினை அமைத்தனர். 1921ஆம் ஆண்டுவரை கட்டப்பட்டவை 22 கார்களே. பெரும்பாலும் கைவேலையால் ஆனமையின் விலை மிகுந்தது. மலிவான அமெரிக்கக் கார்களோடு போட்டியிட இயலாது அம்முயற்சி நின்றுபோயிற்று. அதன்பின் அந்நிறுவனத்தின் கருத்து ஆகாயத்தை நோக்கித் திரும்பியது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மீதும், அதே மாதம் 9ஆந் திகதி திருகோணமலைமீதும் பறந்து வந்த யப்பானிய விமானங்களிடையே 'சீரோ' என்னும் போர் விமானங்கள் இருந்தன. அவ்விமானத்தை வரைந்து அமைத்தவர்கள் மிட்சுபிஷியின் பொறியியலாளரே. ஆகவே, மூன்று வைரச் சின்னத்தாரின் கைவண்ணம் இலங்கைக்கு முதன்முதல் அறிமுகமானது வீதியிலன்று, வானிலே எனலாம்.

போர் முடிந்தபின் அமெரிக்கர் அப்பெருங் குடும்ப நிறுவனத்தைப் பல கூறுகளாகப் பிரித்தனர். விமானம் செய்த கைகள் முச்சக்கர வண்டியும் ஸ்கூட்டரும் செய்யத் தொடங்கின. 1960இல் 'மிட்சுபிஷி 500' என்னும் சிறு கார் வந்தது. பிரிந்த கூறுகள் 1964இல் மீண்டும் ஒன்றிப் பாரக் கைத்தொழில் நிறுவனமாயின. அதன் மோட்டார்ப் பிரிவு 1970 ஏப்ரல் மாதத்திலே தனியொரு கம்பனியாகப் பிரிந்து நின்றது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் அதிலே நூற்றுக்குப் பதினைந்து பங்கினை வாங்கியது.

பின்வந்த ஆண்டுகள் புகழ் நிறைந்தவை. 1973இல் வெளிவந்த லான்சர் அடுத்த ஆண்டே கிழக்காபிரிக்காவின் சஃபாரி ஓட்டப் போட்டியில் வெற்றி பெற்றது. சேறும் கல்லும் நிறைந்த அந்தப் பாதையிலே அதனைச் செலுத்தியவர் கென்யாவில் வாழ்ந்த பஞ்சாபியரான ஜோகிந்தர் சிங். 1976இல் அவரே மறுபடியும் லான்சரிலே வென்றார். 1985இல் பஜேரோ பாரிஸ்-டக்கார் பாலைவனப் போட்டியில் முதலிடம் எய்தியது. பின்னரும் பலமுறை எய்தியது. கடும் பாதையிலும் முறியாத வண்டி என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது.

நிற்க. அக்காலத்துச் சட்டத்தையும் இங்கே சிறிது நோக்குதல் வேண்டும். மோட்டார் வண்டியொன்றின் அமைப்பிலேயே குறையிருப்பின், விற்ற வண்டிகளையெல்லாம் மீள அழைத்து, இலவசமாகத் திருத்திக் கொடுத்தல் செய்தவரின் கடமை. வெளிநாடுகளில் இவ்வாறு செய்துகொண்டே உள்நாட்டிற் சில யப்பானியக் கம்பனிகள் மௌனஞ் சாதித்தன என்னும் குற்றச்சாட்டு 1969இல் பத்திரிகைகளிலே பெரிதாக எழுந்தது. அவ்வாண்டிலேயே யப்பானிய அரசாங்கம் மீளழைப்பு முறையினை ஏற்படுத்தியது. கம்பனியே குறையைக் கண்டறிந்து போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. குற்றவாளியே பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தன் பெயரைப் பதிவுசெய்வான் என்று நம்பிய ஏற்பாடு என்று இதனைச் சிலர் ஏளனஞ் செய்யக்கூடும். ஆயினும், ஒழுங்கான கம்பனிகளிடத்தில் அம்முறை பயன் தந்தது என்பதும் உண்மை.

மிட்சுபிஷி வண்டியின் சொந்தக்காரர் ஒருவர் பிறேக்கிலோ எரிபொருட் குழாயிலோ குறை காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வண்டியை வாங்கிய விற்பனை நிலையத்துக்குச் செல்வார். விற்பனை நிலையத்தார் அக்குறையை விவரமாக எழுதித் தலைமைக் கந்தோருக்கு அனுப்புவர். அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பகுதியினர் அதனை ஆராய்வர். இதுவரை குற்றமொன்றுமில்லை, சொல்லப்போனால், இத்துணை நுட்பமாக முறைப்பாடுகளைத் திரட்டும் ஏற்பாடு பாராட்டத்தக்கதே. அடுத்த படியிலேதான் பிழை புகுந்தது. வந்த அறிக்கைகள் இரு கூறாக்கப்பட்டன. அமைச்சின் பரிசோதகர் வரும்போது காட்டத்தக்கவை ஒரு கூறு. காட்டாது மறைக்க வேண்டியவை மற்றொரு கூறு. மறைக்க வேண்டியவற்றின்மீது ஆங்கில 'எச்' எழுத்துக் குறியீடு இடப்பட்டது. மறைத்தல் என்னும் பொருளுடைய யப்பானியச் சொல்லின் முதலெழுத்து அது. கணக்கிலே இரண்டு புத்தகம் வைக்கும் வியாபாரியைப்போல, மக்களின் மனக்குறைக்கும் இரண்டு புத்தகம் வைத்தனர்.

அவ்வாறாயின், குறையுள்ள வண்டிகள் திருத்தப்படவேயில்லையா? சில திருத்தப்பட்டன, ஆனால் இரகசியமாக. வழக்கமான பரிசோதனைக்கு வண்டி கராச்சுக்கு வரும்போது, சொந்தக்காரருக்குக் காரணஞ் சொல்லாமலே குறையான உறுப்பினை மாற்றிவிடுவர். இதற்கு யப்பானியர் வழங்கிய பெயர் 'யாமி கைஷூ'. இருட்டுத் திருத்தம் என்று அதனை மொழிபெயர்க்கலாம். ஒளியிலே கருமஞ் செய்க என்று கொயாத்தாவின் நெறி கூறியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பரிசோதனைக்கு வாராத வண்டிகளோ குறையோடேயே ஓடிக்கொண்டிருந்தன. தம் வண்டியிற் கண்ட பழுது பிற வண்டிகளிலும் உண்டு என்பதை ஒரு சொந்தக்காரரும் அறிய வழியில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் வாய்த்த துரதிர்ஷ்டம் என்றே எண்ணினர். முறைப்பாட்டினை மறைத்தலிலுள்ள பெருங்கொடுமை இதுவேயாகும். ஆயிரம்பேரின் துன்பத்தை ஆயிரம் தனித்தனித் துன்பங்களாக அது சிதைத்துவிடுகின்றது.

2000ஆம் ஆண்டிலே பெயர் கூறாத ஒருவரிடமிருந்து போக்குவரத்து அமைச்சுக்குத் தகவலொன்று கிடைத்தது. எவ்விடத்திலே தேடவேண்டும் என்பதை அறிந்த ஒருவரே அதனை அனுப்பியிருத்தல் வேண்டும். யூலை மாதத்திலே அமைச்சின் உத்தியோகத்தர் டோக்கியோத் தலைமைக் கந்தோருக்குட் புகுந்தனர். ஊழியர் உடை மாற்றும் அறையின் அலுமாரிகளிலே, மக்களின் முறைப்பாடுகள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. 1977ஆம் ஆண்டு தொட்டே இவ்வழக்கம் நிலவியது என்று கம்பனி பின்னர் ஒப்புக்கொண்டது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. தலைவர் கவசோயே கத்சுஹிக்கோ பதவி துறந்தார்.

அநுராதபுரத்தை ஆண்ட எல்லாள மன்னன் தன் படுக்கையருகே மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டுவோர் இழுத்தற்காக அதன் நீண்ட கயிற்றினை வெளியே விட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. மன்னனின் மகன் ஏறிச்சென்ற தேரின் சில்லு கன்றொன்றைக் கொன்றபோது தாய்ப்பசு அம்மணியை அசைத்ததும், மன்னன் தன் மகனென்றும் பாராது நீதி வழங்கியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. மிட்சுபிஷியிடமும் மணி இருந்தது, கயிறும் இருந்தது. மணியின் நாவினையே துணி சுற்றிக் கட்டிவைத்திருந்தார்கள்.

2000ஆம் ஆண்டிலே எல்லாம் வெளிப்பட்டுவிட்டன என்று நாடு நம்பியது. கம்பனியின் தலைவர்களும் அவ்வாறே கூறினர். அது மெய்யன்று.

2002 சனவரி 10ஆந் திகதி பிற்பகல், யோக்கோகாமா நகரிலே ஒரு தாய் தன் இரு புதல்வரோடு தெருவோரமாக நடந்து சென்றாள். வீதியிலே சென்ற மிட்சுபிஷிப் பார லொறியொன்றின் முன்சில்லு கழன்று உருண்டு வந்து அவளை மோதியது. அச்சில்லின் நிறை ஏறக்குறைய 140 கிலோகிராம். இருபத்தொன்பது வயதான அத்தாய் இறந்தாள். பிள்ளைகள் சிறு காயங்களோடு தப்பினர்.

சில்லினை அச்சோடு பொருத்தும் குடம்போன்ற இரும்புறுப்பு வெடித்தமையே விபத்துக்குக் காரணம். அவ்வுறுப்பு ஏன் வெடித்தது? சொந்தக்காரர் வண்டியைச் சரிவரப் பேணவில்லை, ஆணிகளை முறையாக இறுக்கவில்லை, அதனால் உறுப்புத் தேய்ந்து உடைந்தது என்று கம்பனி கூறியது. 0.8 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று ஓர் அளவும் வகுத்துக் கொடுத்தது. பொலிசார் லொறிச் சொந்தக்காரரின் கந்தோரைச் சோதனையிட்டனர். ஊரார் பழியும் அவர்மீதே விழுந்தது. வண்டியை விலைகொடுத்து வாங்கி, அதனாலே பிழைப்பு நடத்தி, அதனாலேயே ஒரு தாயின் மரணத்துக்குக் காரணமானவர் என்னும் பெயரையும் சுமந்து நின்ற அந்நிலையினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வண்டியிற் குறையென்று அவர் சொன்னால் யார் நம்புவார்? எதிரே நிற்பதோ நூற்றாண்டு கடந்த மூன்று வைரச் சின்னம்!

மெய்யோ வேறாயிருந்தது. 1992 முதல் அவ்வுறுப்பு வெடித்த நிகழ்ச்சிகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை என்பதைக் கம்பனி அறிந்திருந்தது. அளவுக்கு மேல் தேயாத உறுப்புக்களும் அவற்றுள் வெடித்திருந்தன. குற்றம் பேணுதலில் அன்று. உறுப்பின் வலிமையிலேயே இருந்தது. மிட்சுபிஷியின் லொறிப் பிரிவு 2003இல் 'பூசோ' என்னும் பெயரோடு தனிக் கம்பனியாயிற்று. 2004 மார்ச் மாதத்திலே, விபத்து நிகழ்ந்து இரண்டாண்டு கழிந்தபின், அக்கம்பனி உண்மையை ஒப்புக்கொண்டு ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளை மீள அழைத்தது.

இதனிடையே இன்னோர் உயிரும் போயிற்று. 2002 ஒக்டோபர் 19ஆந் திகதி யமகுச்சி மாகாணத்திலே, மிட்சுபிஷி லொறியொன்றின் கிளச்சு உறை வெடித்தது. எஞ்சினின் விசையைப் பின்சில்லுக்குக் கொண்டுசெல்லும் தண்டு கழன்று விழுந்து பிறேக்குக் குழாய்களைச் சிதைத்தது. நிறுத்த வழியின்றி லொறி கட்டடமொன்றில் மோத, முப்பத்தொன்பது வயதான சாரதி மாண்டார். முதலிலே பழி இறந்த சாரதியின் தலைமீதே சுமத்தப்பட்டது. கிளச்சு உறையிலுள்ள குறையினைக் கம்பனியின் மேலிடம் 1990களிலேயே அறிந்து இருட்டுத் திருத்தத்தால் சமாளிக்க முயன்றது என்பது பின்னரே வெளிவந்தது. 2004இல் முன்னாள் தலைவர் கவசோயே உட்படப் பலர் கைதாயினர். 2008இல் யமகுச்சி மரணத்துக்காக அவரும் வேறு மூவரும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர். யோக்கோகாமாத் தாயின் மரணத்திலே தரப் பகுதி உத்தியோகத்தர் இருவர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பினை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இத்தண்டனைகள் போதுமானவையா என்று கேட்பாருளர். இருவர் உயிரிழந்த விடயத்திலே எவரும் சிறை சென்றிலர் என்பதைப் பார்க்குங்கால் அக்கேள்வி நியாயமானதே.

ஏன் மறைத்தார்கள்? பணத்தை மிச்சம்பிடிக்கவே என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும் அது முழு விடையாகாது. வண்டிகளை உரிய காலத்திலே மீள அழைத்திருப்பின் ஆகியிருக்கக்கூடிய செலவு, பின்னர் நேர்ந்த நட்டத்தோடு ஒப்பிடுமிடத்து அற்பமே. மீளழைப்பினை மானக்கேடாகக் கருதிய மனப்பான்மை ஒரு காரணம். தரக் கட்டுப்பாட்டுப் பகுதியின் வேலை குறையைக் காண்பதன்று, குறை வெளித்தெரியாது காப்பது என்று ஆகிவிட்டமை மற்றொன்று. இருபது ஆண்டுக்கு மேலாக நடந்த வழக்கமாதலின், புதிதாய்ப் பதவியேற்ற உத்தியோகத்தனுக்கு அது குற்றமாகவே தோன்றியிராது. முன்னிருந்தவர் காட்டிய கந்தோர் முறையாகவே தோன்றியிருக்கும். பழைய பெயரின் பெருமையும் இங்கே தீங்கே செய்தது. மிட்சுபிஷியின் வண்டியிற் குறையிராது என்று ஊரார் நம்பியதிற் பிழையில்லை. மிட்சுபிஷியாரே அவ்வாறு நம்பியதுதான் பிழை.

2000ஆம் ஆண்டிலே நூற்றுக்கு முப்பத்துநாலு பங்கினை வாங்கிய ஜேர்மன்-அமெரிக்க நிறுவனமாகிய டைம்லர்கிறைஸ்லர், 2004 ஏப்ரலிலே இனிப் பணம் இடமாட்டோம் என்று கையை விரித்தது. யப்பானிலே விற்பனை சரிந்தது. மிட்சுபிஷி வங்கியும், வர்த்தக நிறுவனமும், பாரக் கைத்தொழில் நிறுவனமும் கைகொடுத்தமையாலேயே மோட்டார்க் கம்பனி பிழைத்தது. இனி இவ்வாறு நிகழாது என்று மறுபடியும் வாக்களிக்கப்பட்டது. 2012இல், சிறு கார்களின் எண்ணெய்க் கசிவு விடயத்திலே மீளழைப்பைத் தாமதித்தமைக்காக அமைச்சு அதனைக் கடுமையாகக் கண்டித்தது.

பின்னர் 2016 ஏப்ரல் 20ஆந் திகதி வந்தது. இம்முறை மறைக்கப்பட்டது எரிபொருட் கணக்கு. யப்பானிலே 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத எஞ்சினையுடைய குறுங்கார்கள் மிகவும் விரும்பப்படுவன. சிக்கனங் கருதுவோர் வாங்கும் வண்டி அது; ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதே அதன் விலைபோகும் குணம். 'ஈக்கே வகன்' என்னும் காருக்குத் தொடக்கத்திலே 26.4 கிலோமீற்றர் என்று இலக்கு வகுத்த கம்பனி, போட்டியாளரைக் கண்டு ஐந்துமுறை உயர்த்தி 29.2 ஆக்கியது. இலக்கு உயர்ந்த அளவுக்கு எஞ்சின் உயரவில்லை. ஓடும் காரை விசையின்றி உருளவிட்டு, காற்றும் தரையும் அதனை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது சட்டம் விதித்த முறை. அத்தடையின் அளவை உள்ளதினும் குறைத்துக் காட்டினால் எரிபொருட் செலவும் குறைவாகத் தோன்றும். மிட்சுபிஷியார் செய்தது அதுவே. அவர்களிடம் அதே காரைச் செய்வித்துத் தன் பெயரில் விற்ற நிசான் கம்பனி, தானே அளந்து பார்த்தபோது கணக்கு ஒவ்வாமையைக் கண்டு கேட்டமையால் உண்மை வெளிவந்தது. சம்பந்தப்பட்ட கார்கள் 6,25,000. சட்டத்துக்கொவ்வாத முறையிலே அளக்கும் வழக்கம் 1991 முதலே இருந்ததென்பதும் தெரியவந்தது.

குறுங்காரின் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓரிலட்சம் யென் நட்டஈடாக வழங்கப்பட்டது. அறிவித்த அளவுக்கு வண்டி ஓடவில்லை என்று பெற்றோல் நிலையத்திலே முணுமுணுத்து, தம் ஓட்டும் முறையில்தான் பிழைபோலும் என்று தம்மையே நொந்துகொண்டவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! அவ்வாண்டு ஒக்டோபரிலே நிசான் 23,700 கோடி யென் கொடுத்து நூற்றுக்கு முப்பத்துநாலு பங்கினை வாங்கி மிட்சுபிஷி மோட்டார்க் கம்பனியைத் தன் வசப்படுத்தியது.

நடந்தவற்றை ஆராயக் கம்பனிக்கு வெளியேயிருந்து நியமிக்கப்பட்ட குழுவினர் 2016 ஓகஸ்டிலே அறிக்கை வெளியிட்டனர். அதிலே சிறு செய்தியொன்று காணப்படுகின்றது. 2005ஆம் ஆண்டிலே, புதிதாகச் சேர்ந்த ஊழியர்கள் தம் யோசனைகளை மூத்தோர் முன் எடுத்துரைக்கும் கூட்டமொன்று நிகழ்ந்தது. அங்கே எழுந்த இளைய ஊழியர் ஒருவர், தடை அளக்கும் முறை சட்டத்துக்கு இசைந்ததன்று, சட்டம் கூறும் முறைக்கே மாறுதல் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். பகுதித் தலைவர்களும் அக்கூட்டத்திலே அமர்ந்திருந்தனர். முன்னைய முறையே மேலும் பதினோராண்டு நடைபெற்றது.